ரெண்டு கால் எலியும் அரைவால் பூனையும்

மார்ச் 4

அன்பும் கொழுப்பும் நிறைஞ்ச மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொண்டது. நான் சுகம்னு எழுதணும், எழுதிட்டேன். நீ சுகமான்னு கேக்கணும், கேட்டுட்டேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

போன்ல பேசினா என்னன்னு கேப்ப. லாரி இன்ஜின் மென்னு துப்பின காது இது. எதிர்ல நின்னு கத்தினா கேக்கும், போனை வச்சா வண்டு பறக்கற சத்தம்தான் வரும். அதனால என் கிறுக்கல் கையெழுத்தை நீ படிச்சுத்தான் ஆகணும்.

இந்தப் பாலைவன தேசத்துல மக வீடு தெருவோட கடைசி வீடு. பின்னாடி நெஞ்சளவு ஒரு காம்பவுண்டு சுவர், அதுல ஒரு இரும்புக் கதவு. கதவைத் திறந்தா மணல், கல்லு, மணல். கண்ணு போற வரைக்கும் ஒரு டீக்கடை கிடையாது. மக விடிஞ்சதும் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கற வேலைக்குப் போயிடுவா. அவ புருஷன் என் ரத்தத்தை எடுக்க சாயங்காலம் வருவான். நடுவுல நான் மட்டும்தான். கதவுக்கு வெளிய பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உக்காந்துடறேன்.

சும்மா உக்காந்திருக்கேன்னு நினைக்காதே. முதல் நாள் ஒருத்தர் வந்தாரு. முழங்கை நீளம், உடும்புக்குத் தம்பி மாதிரி. ஆனா வால் இருக்கே, அன்னாசிப் பழத்தை நீளமா இழுத்து ஒட்டின மாதிரி வளையம் வளையமா முள்ளு. வளையிலேருந்து வரும்போது அடுப்புக்கரி நிறம். பாறைமேல படுத்து வெயில் ஏற ஏற மஞ்சளாயிடறாரு. ஒரு வேலையும் செய்யறதில்ல, வயித்தை உப்பிக்கிட்டு நம்மளை முரைக்கறாரு. அச்சு அசலா நம்ம சம்பந்தி. அதனால அவருக்கு சம்பந்தின்னே பேர் வச்சுட்டேன்.

ரெண்டாவது, ஒரு எலி. ரெண்டு கால்ல நடக்குது. நடக்கலடா, குதிக்குது. முன்னங்கை ரெண்டும் நெஞ்சோட மடிச்சு வச்சிருக்கு, ஓசியில சோறு கேக்கறவன் மாதிரி. உடம்பைவிட வால் நீளம், நுனியில பெயிண்ட் பிரஷ் மாதிரி குஞ்சம். விடியக்காலத்துல சுவர் ஓரமா ஒரே தாவல், ஆளைக் காணோம்.

மூணாவது ஒரு பூனை. சாம்பல் நிறம், அரை வால்தான் இருக்கு. வந்துச்சு, உக்காந்துச்சு, போச்சு.

இதுங்களுக்கெல்லாம் தமிழ்ல என்ன பேருன்னு பாத்து எழுது. அச்சாபீஸ்ல உக்காந்து ஊர்ப்பட்ட புத்தகத்துல தப்புக் கண்டுபிடிச்சவன் நீ. மருமகனைக் கேட்டா எல்லாத்துக்கும் "பல்லி மாமா"ங்கறான். எலியைக் கேட்டாலும் பல்லிங்கறான்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் மன்னிக்காத
அத்தான்


மார்ச் 19

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மச்சினன் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'முரைக்கறாரு' என்று இடையின ர போடக்கூடாது, வல்லின ற போட வேண்டும். நாற்பது வருடம் பிழை திருத்தியவனுக்கு இதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராது.

எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டேன். பொருள் பிழையை என்ன செய்வது? நிறம் மாறும் சம்பந்தியையும் ரெண்டு கால் எலியையும் குறுக்குக் கோடு போட்டு நீக்கிவிட்டேன். பூனை இருக்கட்டும். பூனையை நம்புகிறேன்.

ஏன் மற்றதை நம்பவில்லை என்று கோபப்படாதீர்கள். என் பெண் பார்க்கும் படலம் ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்கு வலது கண்ணு கண்ணாடிக் கண்ணு, ஆனா குணம் தங்கம்" என்றீர்கள். காபித் தட்டோடு வந்த பெண் என் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பேரன் எடுத்துவிட்டோம், இன்றைக்கும் சண்டை என்றால் அவள் என் வலது கண்ணைத்தான் உற்றுப் பார்க்கிறாள். அப்படிப்பட்டவர் எழுதுகிற எலிக்கு ரெண்டு கால் இருந்தால் என்ன, ரெக்கை இருந்தால் என்ன.

வெயிலில் அதிகம் உட்கார வேண்டாம். தொப்பி போட்டுக்கொள்ளவும்.

அன்புள்ள,
இரண்டு கண்ணும் சொந்தமாக உள்ள
மச்சினன்


ஏப்ரல் 6

மச்சானுக்கு,

சுகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதல்ல சண்டை.

கடிதம் எழுதினா பதில் எழுதுவாங்க. பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்தித் திருப்பி அனுப்பினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். நான் பாத்த மிருகத்தை அடிக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தது? லைட் வெளிச்சத்துல குறுக்க வர்றது நாயா, கன்னுக்குட்டியான்னு கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள பாத்து பிரேக் போட்டவன் நான். எத்தனை உசுரைக் காப்பாத்தின கண்ணுடா இது. நீ ஒரு கொம்பு விட்டுப்போனா கண்டுபிடிப்ப. கொம்பு வச்ச மாடு எதிர்ல வந்தா உனக்குத் தெரியாது.

பூனையை மட்டும் நம்பறியாம். உன் அக்கா மகளும் அப்படித்தான். சம்பந்தியைப் பத்திச் சொன்னேன், "சரிப்பா"ன்னா. எலியைச் சொன்னேன், "மோர் குடிங்கப்பா"ன்னா. பூனைன்னு சொன்னதும், "ஐயோ பாவம், பசியோட வந்திருக்கும்"னு தினம் சாயங்காலம் மீன் தலையும் முள்ளும் ஒரு தட்டுல போட்டு கதவுக்கு வெளிய வைக்கிறா. காலையில தட்டு காலி. அப்பன் பேச்சுக்கு இல்லாத மரியாதை அரைவால் பூனைக்கு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வருது. ஏன்னு கேக்காதே.

இப்போ புதுசா ஒண்ணு சொல்றேன். நீ சிவப்பு மையை மூடி வச்சுட்டுப் படி.

இங்க தொட்டிக்குத் தண்ணி நிரப்ப லாரி வரும். வால்வு தேஞ்சுபோயி ஒழுகுது. டிரைவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. ஆனா ஒழுகற வால்வைக் காட்டி நான் தலையில அடிச்சுக்கிட்டேன், அவனும் அடிச்சுக்கிட்டான். முதலாளி மாத்தித் தரலையாம். லாரி நிக்கற இடத்துல ஒரு குட்டை தேங்கி நிக்குது. அதுக்கு ஒரு பறவை வருது. கௌதாரி மாதிரி குண்டு, மணல் நிறம். வந்து தண்ணியைக் குடிக்குது. குடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? இல்ல. குட்டையில இறங்கி நெஞ்சை அழுத்தி உக்காருது. தொட்டில்ல போட்ட மாதிரி மேலயும் கீழயும் ஆடுது. குளிக்குதுன்னு நினைச்சேன். குளிச்சா சிலுப்பணும்ல? சிலுப்பவே இல்ல. நெஞ்சு நனைஞ்சு கனத்துப் போயி, தாழப் பறந்து போகுது.

தினம் இதே கதை. ஒரு நாள் பொறுக்க முடியாம கைத்தடியை ஊனிக்கிட்டு பின்னாடியே போனேன். கல்லுக் குவியலுக்கு அந்தாண்ட நிக்குது. அதோட குஞ்சுங்க அதைச் சுத்தி நின்னு, நெஞ்சு இறகைக் கவ்விக் கவ்வி உறிஞ்சுதுங்க. அந்தப் பறவை தண்ணியை நெஞ்சுல மொண்டுக்கிட்டுப் போகுதுடா! குடம் இல்ல, வாளி இல்ல. இறகுலயே தண்ணி லாரி ஓட்டுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் இனம்டா அது.

அதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். மக டூட்டி முடிஞ்சு வந்து என்னைத் தேடி, கத்தி, அழுது, மணலுக்குள்ள ஓடி வந்திருக்கா. எனக்குக் கேக்கல. தோளைப் புடிச்சுத் திருப்பினா. "தொப்பிகூட இல்லாம இங்க என்னப்பா பண்றீங்க?"ன்னா. பறவை நெஞ்சுல தண்ணி கொண்டுவருதுன்னேன். அவ திரும்பிப் பாக்கறதுக்குள்ள அது பறந்துடுச்சு. குஞ்சுங்க கல்லோட கல்லாப் படுத்துக்குச்சு. அவ என் முகத்தையே பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல.

அந்தப் பறவைக்குப் பேர் என்ன? பேரை மட்டும் எழுது.

அத்தான்


ஏப்ரல் 25

அட துரோகி,

மச்சான்னு எழுத கை வரல.

இரும்புக் கதவுக்குப் பூட்டு போட்டாச்சு. என் நாற்காலி வெளிய காயுது, நான் உள்ள காயறேன். யாரால? உன்னால.

போன வாரம் மக என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. காதுக்குன்னு நினைச்சுப் போனேன். அந்தாளு என் காதைத் தொடவே இல்ல. கடிகாரம் வரையச் சொன்னான். வரைஞ்சேன். என்ன மாசம்னு கேட்டான். மக அவன் கேள்வியை என் காதுல கத்தக் கத்த நான் பதில் சொன்னேன். அப்புறம் மிருகப் படத்தைக் காட்டி இது என்ன, இது என்னன்னு கேட்டான் பாரு, எனக்கு வந்துச்சு ஆத்திரம். சிங்கம்னேன். காண்டாமிருகம்னேன். ஒட்டகத்தைக் காட்டினான். இவ்வளவு வயசுக்கு மேல என்னை உக்காரவச்சு ஒட்டகம் தெரியுமான்னு கேக்கறானே, சும்மா விடலாமா? "இது எங்க சம்பந்தியம்மா"ன்னேன். மக அதை மாத்திச் சொன்னாளா, அப்படியே சொன்னாளான்னு தெரியல. டாக்டர் சிரிக்கல, எழுதிக்கிட்டான். பக்கத்துல உக்காந்திருந்த மருமகன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. அவன் அம்மாவாச்சே.

வர்ற வழியில கார்ல வச்சு மருமகன் என் காதுகிட்ட வந்து கத்தினான்: "மாமா, உங்க மச்சினரே போன்ல சொல்லிட்டாரு! நீங்க இல்லாததைப் பாக்கறீங்களாம்!"

எப்போ சொன்னேன்னு முழிக்காதே. ஹால்ல நான் டிவி பாத்துக்கிட்டு இருக்கும்போது, என் பக்கத்துலயே உக்காந்து அவ உன்கூட போன்ல பேசியிருக்கா. என்னைப் பத்தியே! நான் வேற, யார்கூடவோ பேசறா, குழந்தை சந்தோஷமா இருக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். என் செவிட்டுக் காதுக்கு முன்னாடி வச்சு என்னை வித்துட்டீங்க ரெண்டு பேரும்.

தாய்மாமன் சொன்னா அவளுக்கு அது கோர்ட்டு தீர்ப்பு. அப்பன் நான் சொன்னா காமெடி. உனக்கு இது தெரியும். தெரிஞ்சே சொன்ன.

மாத்திரை குடுத்திருக்காங்க. அதைப் போட்டா கண்ணு சொருகுது. சமையலறை ஜன்னல்ல கொசுவலை அடிச்சிருக்கு, அது வழியாத்தான் பாக்கணும். நேத்து சம்பந்தி பாறைமேல வந்தாரா இல்லையான்னே தெரியல, தலை தொங்கித் தொங்கி விழுது. எனக்குன்னு மிச்சமிருந்தது ரெண்டு கண்ணு. அதையும் புடுங்கிட்ட.

அவளுக்குப் போன் போடு. நீ சொன்னது தப்புன்னு சொல்லு. அது வரைக்கும் நீ எனக்கு யாரோ.


மே 10

அத்தான் அவர்களுக்கு,

கையெழுத்துகூடப் போடாமல் அனுப்பிய கடிதம் வந்தது. துரோகி என்பதில் ஓரெழுத்துப் பிழைகூட இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் என்ன சொன்னேன் என்று நான் சொல்கிறேன். உங்கள் மகள் போனில் அழுதுகொண்டே கேட்டாள்: "மாமா, அப்பா தினம் ஏதோ பாத்தேன், பாத்தேன்னு சொல்றாரு. மணலுக்குள்ள போய் நிக்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. முன்னாடியும் இப்படித்தானா?" அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் சொன்னது இது, சொல்லுக்குச் சொல் சொல்கிறேன்: "உங்கப்பன் பாத்தேன்னு சொன்னா பாக்கலைன்னு அர்த்தம்." அவ்வளவுதான். புளுகுகிறார் என்று அதற்கு அர்த்தம். இல்லாததைச் சொல்கிறார் என்று அர்த்தம். அவள் டாக்டரிடம் போய் 'இல்லாததைப் பார்க்கிறார்' என்று சொன்னால் அதற்கு நானா பொறுப்பு? 'சொல்கிறார்' 'பார்க்கிறார்' ஆகிவிட்டது. மூலத்தில் பிழை இல்லை, படியெடுத்ததில் பிழை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வாழ்நாள் முழுக்க என்னை வைத்து விளையாடினீர்கள். கண்ணாடிக் கண், அச்சாபீஸ் முதலாளியிடம் நான் செத்துவிட்டேன் என்று போன், என் மாமனார் வீட்டுக்கு நான் விருந்துக்கு வருகிறேன் என்று என் பெயரில் தந்தி. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். நான் உங்களை வைத்து ஒரே ஒரு தடவை விளையாடினேன். ஒரே ஒரு தடவை! அதற்குத் துரோகியா?

ஒட்டகத்தைச் சம்பந்தியம்மா என்றது யார்? நானா? டாக்டர் எதை எழுதிக்கொண்டார், என் பேச்சையா, உங்கள் வாயையா?

மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மச்சினன்


மே 24

உனக்கு,

மூலத்துல பிழை இல்லையாம். படியெடுத்ததுல பிழையாம். நீ மனுஷனா, அச்சு மிஷினா?

நான் உன்னை வச்சு விளையாடினேன், ஒத்துக்கறேன். நான் கண்ணாடிக் கண்ணுன்னு சொன்னதுக்காக யாராவது உன் கண்ணைத் தோண்டினாங்களா? நீ விளையாடினதுக்கு என் கதவைப் பூட்டிட்டாங்க. நான் எதைச் சொன்னாலும் இப்போ வியாதி. பசிக்கலைன்னா வியாதி, பசிக்குதுன்னா வியாதி, சிரிச்சா ரொம்ப வியாதி. கேலி பேசறதைக்கூட நிறுத்திட்டேன். அப்பா அமைதியாயிட்டாரு, மாத்திரை வேலை செய்யுதுன்னு மக சந்தோஷமா இருக்கா. உன் அக்கா மட்டும் இருந்திருந்தா, நான் பேசாம உக்காந்திருக்கறதைப் பாத்துத்தான் டாக்டரைக் கூப்பிட்டிருப்பா.

ஜன்னல்ல நின்னு பாத்தேன். லாரியில புது வால்வு மாட்டிட்டாங்க. குட்டை காஞ்சு போச்சு. அந்தப் பறவை வந்துச்சு. காஞ்ச மண்ணுமேல நெஞ்சை வச்சு அழுத்திப் பாத்துட்டுப் போச்சு. இதை நான் யார்கிட்ட சொல்றது? சொன்னா மாத்திரையைக் கூட்டுவாங்க. தட்டித் தட்டி ஜன்னல் வழியா டிரைவரைக் கூப்பிட்டு, குழாயைக் காட்டி, தரையைக் காட்டி, கை கூப்பினேன். அவன் என்ன நினைச்சானோ, போகும்போது கொஞ்சம் திறந்து விட்டுட்டுப் போனான். அடுத்த தடவை வரும்போது கொசுவலை ஓரத்தை நெம்பி, இந்தக் கடிதத்தையும் அவன்கிட்டதான் குடுத்து விடப்போறேன்.

எனக்கு எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன். படிச்சாலும் பதில் வராது.


ஜூன் 14

அத்தானுக்கு,

படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபிறகு என் வீட்டில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, என் கண்ணாடிக் கண்ணை இன்னும் தேடுகிற உங்கள் தங்கச்சி, என் மனைவி, கேட்டாள்: "உங்க அத்தான் சொன்ன பறவை உண்டா இல்லையான்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. நாற்பது வருடம் சந்தேகம் வந்த ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்தவன், இதைப் பார்க்கவே இல்லை. சந்தேகமே வரவில்லை எனக்கு. புளுகு என்று அவ்வளவு உறுதி.

நூலகத்துக்குப் போனேன். பறவைப் புத்தகத்தில் இருக்கிறது. அதன் பெயர் கல்கௌதாரி. ஆண் பறவைதான் தண்ணீர் கொண்டுபோகிறதாம். நெஞ்சு இறகு பஞ்சு மாதிரி தண்ணீரை இழுத்துப் பிடிக்குமாம். நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் பேப்பர் படித்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். எங்க அத்தான் பொய் சொல்லலை என்றேன். அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

உங்கள் சம்பந்தி முள்வால் பல்லி. வெயில் ஏறினால் நிறம் வெளுக்கும் என்று எழுதியிருக்கிறது. ரெண்டு கால் எலியும் உண்டு, படம் போட்டிருக்கிறார்கள், குஞ்சம் உள்பட. அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் புத்தகத்தில் இல்லை. துள்ளெலி என்று நானே வைத்திருக்கிறேன், உங்களுக்குச் சம்மதமென்றால்.

அன்றைக்கே உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். எல்லாம் உண்மை அம்மா, புத்தகத்தில் இருக்கிறது, கதவைத் திற என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, அப்பா உங்களுக்கு எழுதி எழுதி உங்களையும் சேத்துக்கிட்டாரா? உங்க ரெண்டு பேர் விளையாட்டுக்கு நான் ஆள் இல்ல. இங்க நான் தனியா இதைப் பாத்துக்கிட்டு இருக்கேன்." வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லி ஒருவர் நம்பாமல் போனால் எப்படி எரியும் என்று எனக்கு இந்த வயதில் தெரிந்தது. புத்தகப் பக்கத்தை நகல் எடுத்து அவளுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேரட்டும்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நீக்கிவிடவும்.

மச்சினன்


ஜூலை 3

மச்சான்,

படிச்சேன். படிக்க மாட்டேன்னு சொன்னது புளுகு.

உன் நகல் பேப்பர் இன்னும் வரல. வந்தாலும் வேண்டாம். அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடந்துபோச்சு. கோபம் குறையாமத்தான் எழுதறேன், ஞாபகம் வச்சுக்கோ.

முந்தாநாள் விடிஞ்சும் விடியாம மக என்னை உலுக்கி எழுப்பினா. மூச்சு வாங்குது. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பூனைத் தட்டை எடுத்துக் கழுவலாம்னு கதவைத் திறந்திருக்கா. என் காதுல வாயை வச்சு, "அப்பா, அப்பா! தட்டுல ஏதோ தின்னுக்கிட்டு இருக்கு! நாயும் இல்ல, நரியும் இல்ல, இத்துனூண்டு! காது மட்டும் முறம் மாதிரி!"ன்னா.

நான் மெதுவா எழுந்து உக்காந்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டேன்.

"எத்தனை காது?"ன்னேன்.

"என்னப்பா?"

"இப்போ என்ன மாசம், சொல்லு."

"அப்பா!"

"ஒட்டகத்தைக் காமிச்சா அடையாளம் தெரியுமா? ஒரு கடிகாரம் வரையேன், பாப்போம்."

அவளுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "நான் பொய்யா சொல்றேன்?"னு கத்தினா. எனக்கே நல்லா கேட்டுச்சு.

"பொய் சொல்றேன்னு யார் சொன்னா? இல்லாததைப் பாக்கறேன்னுதான் சொல்றேன். மாத்திரை மேசைமேல இருக்கு, ஒண்ணு போட்டுக்கோ"ன்னேன்.

இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன்னு உனக்குத் தெரியாது. சொல்லும்போது அவ்வளவு இனிப்பா இருந்துச்சு. சொல்லி முடிச்சதும் அவ நின்ன நிலையைப் பாத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடறா. பாத்ததைப் பாத்தேன்னு சொல்ல வேற வார்த்தை தேடறா, கிடைக்கல. எனக்கு நல்லாத் தெரிஞ்ச தேடல் அது. பாவமா இருந்துச்சா, இன்னும் கோபமா இருந்துச்சா, எனக்கே தெரியல.

எழுந்தேன். தடியை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனேன்.

நம்பிப் போகல மச்சான். முறம் மாதிரி காதாம், யார் நம்புவா? அவ கூப்பிட்டா, போய்ப் பாத்தேன். அவ்வளவுதான். ஒரு மனுஷனுக்கு அவ்வளவுதாண்டா வேணும்! உன் அக்கா என்னிக்காவது என்னை நம்பியிருக்காளா? ஒரு நாளும் இல்ல. ஆனா நான் "இங்க வா, ஒண்ணு பாரு"ன்னா அடுப்பை அணைச்சுட்டு வாசல் வரைக்கும் வருவா. பாத்துட்டுத் திட்டுவா. பாக்காம திட்டினதே கிடையாது. நீ புத்தகத்தைப் பாத்த. இவ தன் கண்ணை மட்டும் நம்பினா. நான் காமிச்ச பக்கம் திரும்பிப் பாக்க ஒருத்தருக்கும் கழுத்து வளையல. அந்தக் கோபம் எனக்குப் போகாது. சாகற வரைக்கும் வச்சிருப்பேன்.

அது அங்கதான் இருந்துச்சு. பூனை அளவு. வெளுத்த மணல் நிறம். கடைசி மீன் தலையை நக்கிக்கிட்டு இருந்தது. என்னைப் பாத்ததும் தலை அசையல, காது மட்டும் ரெண்டும் திரும்புச்சு. அடேயப்பா, என்ன காதுடா அது! எனக்கும் அப்படி ரெண்டு இருந்திருந்தா நீங்க போன்ல பேசினதெல்லாம் அன்னிக்கே கேட்டிருக்கும். நானும் மகளும் கதவுக்கு ரெண்டு பக்கமும் நின்னோம். அது மென்னு முடிச்சு, எங்களை ஒரு பார்வை பாத்துட்டு, சாவகாசமா போச்சு.

அவ காலித் தட்டைக் கையில எடுத்தா. அப்புறம், "அந்தப் பறவை எங்கப்பா வரும்?"னு கேட்டா. நான் தடியைத் தட்டிக்கிட்டு உள்ள வந்துட்டேன். கேக்கட்டும், இன்னும் ரெண்டு நாள் கேக்கட்டும். பூட்டைக் கழட்டி மேசைமேல வச்சுட்டு வேலைக்குப் போயிட்டா. டாக்டர்கிட்டயும் பேசறாளாம். நான் இப்போ நாற்காலியிலதான் உக்காந்து எழுதறேன். சம்பந்தி எதிர்ல வயித்தை உப்பிக்கிட்டு இருக்காரு. துள்ளெலி நல்ல பேரு. வச்சுக்கோ.

இப்போ உன் வலது கண்ணை மூடிக்கிட்டுப் படி. ஒரு விஷயம் இருக்கு.

பூனை கிடையாது.

முதல் கடிதத்துல எழுதினேனே, சாம்பல் நிறம், அரை வால், அது புளுகு. நிறம் மாறற பல்லி, ரெண்டு கால் எலின்னு எழுதிட்டுப் படிச்சுப் பாத்தேன். எனக்கே நம்பற மாதிரி இல்ல. கூட ஒரு சாதாரண மிருகத்தைச் சேத்தா நீ மத்த ரெண்டையும் நம்புவேன்னு ஒரு பூனையை உக்கார வச்சேன். மகளுக்கும் அதேதான் சொன்னேன். நடந்ததைப் பாரு. கண்ணால பாத்ததை ஒருத்தரும் நம்பல. இல்லாத பூனையை எல்லாரும் நம்பி, அதுக்குத் தட்டு வச்சு சோறும் போட்டாச்சு. முதல் நாள் தட்டு காலியானப்போ நான் காக்கான்னு நினைச்சேன்.

இது மகளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா, அது ஒண்ணு புளுகுன்னா மத்ததும் புளுகுதான்னு பூட்டு திரும்ப ஏறிடும். அவ இப்போ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா யோசிக்க ஆரம்பிச்சிருக்கா. "அப்பா, அந்தப் பூனையை மட்டும் நான் பாக்கவே இல்லையே"ன்னு நேத்து கேட்டா. தலையைச் சொறிஞ்சேன். அடுத்து உனக்குத்தான் போன் போடுவா, எனக்குத் தெரியும்.

உன் வாயை நம்பி இதை எழுதறேன். என் தலையெழுத்து.

அத்தான்


ஜூலை 20

அத்தான்,

இந்தக் கடிதத்துல பிழை இருந்தா இருக்கட்டும். திருப்பிப் படிக்காம அனுப்பறேன்.

நேத்து உங்க மக போன் பண்ணினா. எடுத்ததும் அழல, திட்டல. நகல் பேப்பர் வந்துச்சுன்னா. பறவையைப் பாத்துட்டாளாம். நீங்க நாலு நாள் கெஞ்ச விட்டுத்தான் காட்டினீங்களாம். உங்களுக்கு இரக்கமே கிடையாது.

அப்புறம் கேட்டா: "மாமா, ஒண்ணே ஒண்ணு. அந்தப் பூனை நிஜமா? விளையாடாம சொல்லுங்க."

பின்னாடி டிவி சத்தம் கேட்டுச்சு. நீங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க, யார்கூடவோ பேசறா, குழந்தை சந்தோஷமா இருக்கட்டும்னு.

உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. கண்ணாடிக் கண்ணு, தந்தி, துரோகின்னு எழுதினது, எல்லாம் இருக்கு. ஒண்ணும் தீரல. ஆனா நீங்க பாத்ததை நான் அடிச்சு நீக்கினேனே, அதுக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல.

சொல்லிட்டேன், சொல்லுக்குச் சொல்: "உங்கப்பன் பாத்தேன்னு சொன்னா பாத்ததுதாம்மா."

தட்டு வைக்கறதை நிறுத்த வேண்டாம்னும் சொன்னேன். அரைவால், கூச்ச சுபாவம், ஆள் இருந்தா வராதுன்னேன்.

மச்சான்